மூன்று நண்பர்களை இணைத்தால் ஒரு குடும்பப் படம்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் முகநூலில் ஒருவகை அறிவிப்பு தவறாமல் வந்துவிடுகிறது. “பெற்றோர்களே! குடும்பத்தோடு திரைப்படம் பார்க்க இலவச நுழைவுச்சீட்டு வேண்டுமா? எங்கள் பக்கத்திற்கு விருப்பக்குறி இடுங்கள். இந்த அறிவிப்பைப் பகிருங்கள். மூன்று நண்பர்களை டேக் செய்யுங்கள். பள்ளிச் சீருடையில் இருக்கும் உங்கள் குழந்தையோடு எடுத்த குடும்பப் படத்தைக் கீழே பதிவேற்றுங்கள். அதிக விருப்பக்குறி பெறும் ஐந்து குடும்பங்களுக்குத் தலா நான்கு சீட்டுகள்!” அதன் அடியில் ஆதரவாளரின் கடைச் சின்னம். இதனைக் ‘கிவ்அவே’ என்கிறார்கள். தமிழில் பேசும்போதும் நம்மவர்கள் அப்படியேதான் சொல்கிறார்கள்.

முன்பெல்லாம் வானொலி நிலையங்களும் படங்களை வெளியிடும் நிறுவனங்களும் நகைக்கடைகளும் இவற்றை நடத்தின. இப்பொழுது பாலர் பள்ளிகள், துணைப்பாட வகுப்புகள், தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் எனப் பலரும் நடத்துகின்றனர். எங்கள் வட்டாரத்தில் இத்தகைய அறிவிப்புகள் சிலவற்றில் எழுத்துப்பிழை திருத்தித் தருமாறு என்னிடம் அனுப்புவார்கள். ஒற்றுப்பிழைகளைத் திருத்துவது எளிது. அறிவிப்பின் உள்ளே இருக்கும் வேறு சிலவற்றைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நடத்துபவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. சங்கப் பொறுப்பாளர்கள் தங்கள் வேலை நேரத்தையும் கைக்காசையும் செலவிட்டே இவற்றைச் செய்கின்றனர். பெற்றோரும் பிள்ளைகளும் இரண்டரை மணி நேரம் ஒன்றாக அமர்ந்து ஒரு நல்ல படம் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் போற்றத்தக்கது. ஆனால், இந்த முறையில் கொடுக்கப்படும் படம், அது யாருக்குத் தேவையோ அவர்களுடைய வீட்டு வாசலைத் தாண்டி வேறு வீட்டுக்குப் போய்விடுகிறது. அதற்கு விலையாக ஒரு குழந்தையின் முகமும் பெயரும் பள்ளியும் ஊரறிய வெளியிடப்படுகின்றன. என் கருத்து இவ்வளவுதான். இனிக் காரணங்களைச் சொல்கிறேன்.

யார் வெல்கிறார்கள் என்று பாருங்கள். விருப்பக்குறிகளின் எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால், முகநூலில் ஆயிரம் பேரை நட்பில் வைத்திருப்பவர் வெல்வார். அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவர் மதிய உணவு வேளையில் புலனக் குழுக்கள் பத்திற்கு இணைப்பை அனுப்பி, “நம்ம பிள்ளைக்கு ஒரு லைக் போடுங்க” என்று கேட்டுவிட்டால் மாலைக்குள் இருநூறு சேர்ந்துவிடும். அதே பள்ளியில் பயிலும் இன்னொரு குழந்தையின் தாய் தொழிற்சாலையில் இரவுநேர வேலை பார்க்கிறார். தந்தை கனவுந்து ஓட்டுநர். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருந்தாலே பெரிது. குழந்தையை வளர்ப்பவர் பாட்டி. பாட்டியிடம் இருப்பது பொத்தான் கைப்பேசி. இந்த வீட்டுக்கு அறிவிப்பே வந்து சேராது. வந்து சேர்ந்தாலும் போட்டி முடிந்து மூன்று நாள் ஆகியிருக்கும்.

“இந்தக் காலத்தில் யாரிடம் கைப்பேசி இல்லை?” என்று கேட்கிறார்கள். கைப்பேசி இருப்பது வேறு, அதில் இணையம் இருப்பது வேறு. முன்கட்டண அட்டையில் பத்து வெள்ளி போட்டு, அது தீர்ந்தால் அடுத்த சம்பள நாள் வரை பள்ளிக் குழுச் செய்தியைக்கூடத் திறக்காத பெற்றோர் என் வகுப்பிலேயே இருக்கின்றனர். கோவிட் காலத்தில் 2020, 2021ஆம் ஆண்டுகளில் இல்லிருப்புக் கற்றலை நடத்திய ஆசிரியர் எவருக்கும் இதனை விளக்க வேண்டியதில்லை. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்த்த வீடுகளை நாம் மறந்துவிட்டோமா?

இன்னொன்றும் உண்டு. இதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருமுறை ஒரு தாயிடம், “நீங்கள் ஏன் இப்போட்டியில் பங்கெடுக்கவில்லை? பையனுக்குப் படம் என்றால் உயிராயிற்றே” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “படம் எடுக்க வீட்டுல நல்ல சுவரு ஒண்ணு இல்ல டீச்சர்” என்றார். குடும்பப் படத்தைப் பதிவேற்றச் சொல்லும்போது நாம் கேட்பது முகங்களை மட்டும் என்று நினைக்கிறோம். பின்னால் தெரியும் சுவர், திரைச்சீலை, இருக்கை, துணி காயப்போட்ட கயிறு எல்லாம் சேர்ந்துதான் படத்தில் விழுகின்றன. தந்தை இல்லாத குடும்பம், தாய் விட்டுச் சென்ற குடும்பம், மாமன் வீட்டில் வளரும் பிள்ளை, இவர்களெல்லாம் ‘குடும்பப் படம்’ என்ற சொல்லைப் படித்ததுமே ஒதுங்கிக்கொள்கிறார்கள். குடும்பங்களை மகிழ்விக்க நடத்தும் போட்டியில் முதலில் ஒதுங்குவது தேவை மிகுந்த குடும்பங்களே என்றால் அதை எப்படி ஏற்பது?

சரி, படம் பதிவேற்றியவர்களின் நிலை என்ன? சீருடையில் பள்ளியின் சின்னம் இருக்கிறது. பெயர்ப்பட்டையில் பிள்ளையின் பெயர் இருக்கிறது. கருத்துப் பகுதியில் தாயின் பெயர், சித்தியின் பெயர், எந்தத் தாமானில் குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் உறவினர் எழுதும் வாழ்த்துகளிலேயே கிடைத்துவிடும். மாணவரின் பெயர்ப்பட்டையைச் சீருடையில் நிலையாகத் தைக்காமல், கழற்றி மாட்டக்கூடியதாக வைத்துக்கொள்ளலாம் என்று கல்வி அமைச்சு 2022இல் அறிவித்தது. பிள்ளைகளின் பாதுகாப்பே அதற்குக் காரணம். சாலையில் போகும் அந்நியன் பிள்ளையின் பெயரைப் படித்துவிடக் கூடாது என்று பட்டையைக் கழற்றச் சொல்கிறோம். பிறகு நான்கு சினிமா சீட்டுக்காக அதே பெயரை உலகம் முழுவதும் படிக்கும்படி நாமே ஒட்டிவைக்கிறோம்.

இதிலே ஒரு வேடிக்கை என்னவென்றால், முகநூல் நிறுவனத்தின் விதிகளே இத்தகைய போட்டிகளை ஏற்பதில்லை. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்நிறுவனம் தன் விதிகளைத் தளர்த்தி, ஒரு பக்கத்தில் வரும் கருத்துகளையும் விருப்பக்குறிகளையும் போட்டிப் பதிவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால், “உங்கள் சொந்தப் பக்கத்தில் பகிர்ந்தால்தான் பங்கேற்கலாம்”, “நண்பர்களை டேக் செய்தால்தான் பங்கேற்கலாம்” என்னும் நிபந்தனைகளை அது இன்றுவரை அனுமதிக்கவில்லை. போட்டிக்கும் முகநூலுக்கும் தொடர்பில்லை என்பதைப் போட்டி நடத்துபவர் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்பதும் விதி. நான் பார்த்த அறிவிப்புகளில் அப்படி ஒரு வரியைக் கண்டதில்லை. எல்லாரும் செய்வதால் அது சரியென்று ஆகிவிட்டது, அவ்வளவே.

நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. அது வணிக நடவடிக்கைகளுக்கே பொருந்தும். எனவே, பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒருவேளை அதன் பிடிக்குள் வராமல் போகலாம். ஆயின், சீட்டுக்குப் பணம் கொடுத்த கடைக்காரர் அந்தப் போட்டியின் வழியாக நூறு பெற்றோரின் தொலைபேசி எண்களைத் திரட்டி, மறுமாதம் விளம்பரம் அனுப்பத் தொடங்கினால் அது வணிகமின்றி வேறென்ன? பள்ளியின் பெயரை நம்பித்தானே பெற்றோர் எண்ணைக் கொடுத்தனர்?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்றை மட்டும் நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். “டீச்சர், பள்ளிக்குப் பிள்ளைகள் வேண்டும். நம் பக்கத்தை நாலு பேர் பார்த்தால்தான் அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேர்ப்பார்கள்” என்கிறார்கள். பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் பல, 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள ‘குறைந்த மாணவர் பள்ளி’ வகையைச் சேர்ந்தவை. தோட்டம் போய்விட்டது, பள்ளி மட்டும் செம்பனைகளுக்கு நடுவே நிற்கிறது. இத்தகைய பள்ளியில் பணியாற்றும் ஆசிரியருக்கு முதலாம் ஆண்டில் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் இடம் குறையும். பல்லாண்டு வகுப்புகள் இணையும். பிறகு பள்ளியை எங்கே மாற்றுவது என்ற பேச்சு வரும்.

ஆனாலும் கேட்கிறேன். டேக் செய்யப்பட்டு வந்த அந்த மூன்று நண்பர்கள் எங்கே இருக்கிறார்கள்? ஒருவர் கிள்ளானில், ஒருவர் ஜொகூரில், ஒருவர் சிங்கப்பூரில். அவர்களுள் எவருடைய பிள்ளை சுங்கை சிப்புட்டிலோ பத்து காஜாவிலோ வந்து சேரப்போகிறது? பக்கத்தின் எண்ணிக்கை உயரும். பதிவேட்டின் எண்ணிக்கை உயராது. எங்கள் பகுதியில் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பதா என்று தயங்கிய பெற்றோர் பலரோடு நான் பேசியிருக்கிறேன். பேருந்து வசதி, பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறது, ஆசிரியர் நம் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைப்பாரா, இவற்றைத்தான் அவர்கள் கேட்டார்கள். முகநூல் பக்கத்தில் எத்தனை விருப்பக்குறி என்று ஒருவரும் கேட்டதில்லை.

இனித் தோட்டத்துப் படக்காட்சிக்கு வருகிறேன். நாற்பதைக் கடந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். இளையவர்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறையோ தீபாவளியை ஒட்டியோ தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பங்களுக்கு இடையே வெள்ளைத் துணி கட்டுவார்கள். லயத்து வீடுகளிலிருந்து பாயும் சாக்கும் கொண்டு வந்து பிள்ளைகள் மாலை நான்கு மணிக்கே இடம் பிடிப்பார்கள். அரசாங்கத் தகவல் இலாகாவின் வண்டியும் வரும். 1946இல் தொடங்கப்பட்ட மலாயாத் திரைப்படப் பிரிவு எடுத்த செய்திப்படங்களை இந்த வண்டிகள் ஊர் ஊராகக் கொண்டு சென்றன. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்தின் வெள்ளைக்கார நிர்வாகி சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் எல்லாரும் அறிந்த வரலாறு. அந்தக் காலத்தில் படம் தொடங்கும் முன் அரசாங்கத்தின் செய்தியைக் கேட்டாக வேண்டும். இலவசம் என்பது அன்றும் முழு இலவசமாக இருந்ததில்லை.

அந்தத் திடலை நான் பொற்காலமாகக் காட்ட விரும்பவில்லை. முன்வரிசை நாற்காலிகள் நிர்வாகியாருக்கும் கிராணியாருக்கும் உரியவை. தொழிலாளிக்குத் தரையே இடம். படம் காட்டிய அதே நிர்வாகம்தான் கள்ளுக்கடையையும் வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் காட்டிவிட்டால் திங்கட்கிழமை ஆள் ஒழுங்காகப் பிரட்டுக்கு வரும் என்ற கணக்கும் அதில் இருந்தது. எனினும் ஒரு செய்தியை மறுக்க முடியாது. அங்கே எவரும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. எவரும் தோற்கவில்லை. நல்ல சுவர் இல்லாத வீட்டுப் பிள்ளையும் அதே துணியைத்தான் பார்த்தது. துணியின் பின்பக்கம் அமர்ந்து எழுத்துகளைத் தலைகீழ்த் திசையில் படித்த பிள்ளைகளும் உண்டு! மறுநாள் பால்மரக் காட்டிலும் பள்ளியிலும் எல்லாரும் ஒரே படத்தைப் பற்றிப் பேசினார்கள்.

நான் சிறுமியாய் இருந்த 1980களில் அது முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு வீடியோ வந்தது; ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் பத்து வீட்டார் கூடினர். பிறகு குறுவட்டு வந்தது. அதன் பிறகு தோட்டங்களே கைமாறின. ரப்பர் மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டம் எழுந்தது. மக்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் சிதறினர். வீட்டை இழந்ததைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். திடலை இழந்ததைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. இன்று ஒரே அறையில் தந்தை ஒரு கைப்பேசியிலும் தாய் ஒரு கைப்பேசியிலும் பிள்ளை மூன்றாவதிலும் தனித்தனிப் படம் பார்க்கின்றனர். ஆகவேதான் குடும்பமாக ஒரு படம் பார்க்க வைக்க வேண்டும் என்ற எண்ணத்தை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஐந்து குடும்பங்களோடு அதை நிறுத்திவிடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

எந்தப் படம் என்பதும் முக்கியமான கேள்வி. ‘குடும்பப் படம்’ என்று விளம்பரம் செய்யப்படுபவற்றுள் பல, நாயகனுக்கு ஒரு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதால் மட்டும் அப்பெயர் பெற்றவை. இடைவேளைக்குப் பின் அவர் நாற்பது பேரை வெட்டிச் சாய்ப்பார். அரங்கத்தில் என் மாணவர்கள் கைதட்டுவார்கள். திங்கட்கிழமை அதே வெட்டை வகுப்பறையில் அடிக்கோலால் நடித்துக் காட்டுவார்கள். நம் நாட்டுத் தணிக்கை வாரியம் 2023 முதல் யு, பி12, 13, 16, 18 என்று வயதுவாரியாகப் படங்களைப் பிரித்திருக்கிறது. அறிவிப்பு தயாரிப்பவர் அந்தக் குறியீட்டைப் பார்த்த பிறகாவது சீட்டு வாங்க வேண்டும்.

நல்ல படங்கள் இல்லாமல் இல்லை. பாண்டிராஜ் இயக்கிய ‘பசங்க’ 2009இல் வந்தது. பிள்ளைகளின் சண்டையைக் காட்டுவதாகத் தோன்றும் அப்படம் உண்மையில் பெற்றோர் சண்டையைப் பற்றியது. மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ 2015இல் வந்தது. பீட்சா தின்ன ஆசைப்படும் இரண்டு சேரிச் சிறுவர்களின் கதை அது. கமலக்கண்ணனின் ‘குரங்கு பெடல்’ 2024இல் வந்தது. மிதிவண்டி ஓட்டத் தெரியாத தந்தையும் ஓட்டியே தீருவேன் என்று நிற்கும் மகனும் அதில் வருகிறார்கள். இப்படத்தைப் பார்த்த பிறகு நம்மூர்த் தாத்தாக்கள் தாம் தோட்டத்துச் செம்மண் பாதையில் மிதிவண்டி பழகிய கதையைச் சொல்லாமல் இருப்பார்களா? பேரப்பிள்ளை கேட்காமல்தான் இருக்குமா?

நம் நாட்டுப் படங்களையும் மறந்துவிடக் கூடாது. தீபக் குமாரன் மேனன் 2005இல் எடுத்த ‘செம்மண் சாலை’ 1960களின் ரப்பர்த் தோட்டத்தில் படிப்புக்காக ஏங்கும் ஒரு பெண்ணின் கதை. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2015 டிசம்பரில் திரைக்கு வந்து, 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதைப் பெற்றது. 1990களின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் அப்போய் எப்படிக் கைநழுவிப் போகிறான் என்பதை அது காட்டுகிறது. படிக்க வேண்டும் என்பதற்காக அடிக்கும் தந்தை, பிள்ளையின் கற்பனையைக் கண்டுகொள்ளாத பள்ளி, அன்பாகப் பேசும் குண்டர் கும்பல் சித்தப்பா. இதைச் சிறு பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்ல மாட்டேன். ஆனால், பெற்றோருக்கென்று ஒரு படத்தை இலவசமாகக் கொடுப்பதாயின் நான் முதலில் கொடுக்க விரும்புவது இதுதான். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத் தாயும் தந்தையும் மட்டும் வந்து பார்க்க வேண்டிய படம். ஆசிரியர்களும் பார்க்க வேண்டும்; அதுவும் பின்வரிசையில் அமர்ந்து, கொஞ்சம் தலைகுனிந்து.

இங்கே இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சில குழுக்களில் ‘இலவசப் படம்’ என்ற பெயரில் டெலிகிராம் இணைப்பையே பரிசாக அனுப்புகிறார்கள். புதுப்படம், திரையரங்கில் ஓடிக்கொண்டிருக்கும் படம். அது திருட்டு. உள்நாட்டுத் தமிழ்ப் படங்களுக்கு முதல் வாரத்தில் வரும் கூட்டமே உயிர். கூட்டம் இல்லையென்றால் அரங்கத்தார் அடுத்த வாரம் இரண்டு காட்சியைக் குறைப்பார்கள், மறுவாரம் எடுத்தே விடுவார்கள். சொத்தை அடகு வைத்துப் படம் எடுத்த நம் இளைஞரிடமிருந்து திருடி, அதைப் பெற்றோருக்குப் பரிசாகக் கொடுக்கும் உரிமை எந்தச் சங்கத்துக்கும் இல்லை. சங்கம் நாற்பது சீட்டு விலைக்கு வாங்கினால் அந்த நாற்பதும் அவருடைய கணக்கில் விழும். அதனால்தான் கிவ்அவே நடத்துவோரை நான் முற்றாக வெறுப்பதில்லை. அவர்களாவது காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

தமிழ்நாட்டில் ஒரு முயற்சி நடந்தது. 2022ஆம் ஆண்டில் அங்குள்ள பள்ளிக்கல்வித் துறை, அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு மாதந்தோறும் ஒரு சிறார் திரைப்படம் காட்டும் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் காட்டியது ஆல்பர்ட் லாமொரீஸ் 1956இல் எடுத்த ‘சிவப்பு பலூன்’ என்னும் பிரெஞ்சுப் படம். வசனம் மிகக் குறைவு. ஒரு சிறுவனும் ஒரு பலூனும் பாரிஸ் நகரத் தெருக்களும்தான். படம் முடிந்ததும் பிள்ளைகள் அதைப் பற்றிக் கலந்துரையாட வேண்டும், எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. ஏதோ ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இருந்த பிள்ளை, அடுக்குமாடி நகரத்துப் பிள்ளை பார்க்காத படத்தைப் பார்த்தது. எவரும் எவரையும் டேக் செய்யவில்லை. ஆனால், அத்திட்டத்தில் பெற்றோருக்கு இடமில்லை. நாம் செய்வதாக இருந்தால் அந்த இடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நம்மால் செய்ய முடியுமா? ஈப்போவில் ஒரு குடும்பம் படம் பார்க்க ஆகும் செலவைக் கணக்கிடுங்கள். சீட்டு ஒன்றுக்குப் பதினைந்து வெள்ளி என்று வைத்தாலும் நால்வருக்கு அறுபது. சுங்கை சிப்புட்டிலிருந்து போய்வரச் சுமார் அறுபது கிலோமீட்டர். எண்ணெய்ச் செலவு, சாலைக்கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம். சோளப்பொரியும் பானமும் கேட்காத பிள்ளை உண்டா? நூறு வெள்ளி பறந்துவிடும். 2025 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் நூறு என்பது சிறு தொகையன்று. இலவசச் சீட்டு கிடைத்தும் போக வண்டியில்லாமல் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்ட குடும்பத்தை நான் அறிவேன். ஆக, ஐந்து குடும்பங்களை ஈப்போவுக்கு அனுப்பும் முந்நூறு வெள்ளியை, படத்தைப் பள்ளிக்கே வரவழைக்கப் பயன்படுத்துவது பற்றிச் சிந்திக்கலாம்.

பெரும்பாலான பள்ளிகளில் மண்டபமோ மூடிய திடலோ இருக்கிறது. ஒளிப்படக்கருவி இருக்கிறது, ஒலிபெருக்கி இல்லையென்றால் கோயிலில் கேட்டால் தருவார்கள். ஆனால், கடையில் வாங்கிய வட்டையோ வீட்டுக்கான சந்தாவையோ வைத்துப் பொதுவில் படம் காட்டிவிட முடியாது. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. உரிமையாளரிடம் எழுத்து வழி அனுமதி பெற வேண்டும். உள்நாட்டு இயக்குநர்களுக்கு மரியாதையாக ஒரு மடல் எழுதிக் கேட்டுப் பாருங்கள். ஒரு சிறு தொகையைக் கட்டணமாகக் கொடுப்பதாகவும் நீங்களே எழுதுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். தணிக்கைச் சான்றிதழ் உள்ள படமா என்று பாருங்கள். தலைமையாசிரியர் மாவட்டக் கல்வி இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டியதையும் முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

காசு? 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் கட்டினார்கள். அந்தக் காலத்துப் பத்து வெள்ளி! அப்படிக் கூடிச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிய மக்களின் பேரப்பிள்ளைகளிடம், குடும்பத்துக்கு இரண்டு வெள்ளி கேட்பது தவறாகாது. கொடுக்க முடியாதவர் கொடுக்க வேண்டாம். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று பலகையில் எழுதவும் வேண்டாம். ஆதரவாளர் பெயரை வாசலில் ஒரு துணியில் எழுதி மாட்டலாம். அவர் தம் கடையின் பக்கத்திற்கு விருப்பக்குறி கேட்டால், இது பள்ளி என்று பணிவோடு சொல்லிவிடலாம்.

மண்டபம் இல்லாத பள்ளிகள் சீட்டுதான் கொடுக்க முடியும் என்றால் அதையும் செய்யலாம். தேர்வை முகநூலிடம் விடாமல் வகுப்புப் பதிவேட்டை எடுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் புத்தகப்பையிலும் ஒரு துண்டுத்தாள் போகட்டும். வீட்டில் வளர்ப்பவர் எவராயினும், பாட்டியாயினும், “நான் சிறு வயதில் பார்த்த முதல் படம்” என்பது பற்றி இரண்டு வரி எழுதி அனுப்பட்டும். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும். வந்த தாள்களைக் கலந்து, சபைகூடலில் ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். அதிர்ஷ்டத்தில் தோற்பது ஒரு பிள்ளைக்கு அவ்வளவாக வலிக்காது. அம்மாவுக்கு நண்பர்கள் குறைவு என்பதால் தோற்பதுதான் வலிக்கும். வென்றவர்களை ஒரு வேனில் ஏற்றி அனுப்புங்கள். வேன் வாடகையும் பரிசின் ஒரு பகுதிதான். வென்றவர் படத்தை முகநூலில் போடாவிட்டால் ஆதரவாளருக்கு எப்படிக் கணக்குக் காட்டுவது என்று கேட்காதீர்கள். சீட்டின் அடிக்கட்டையைக் காட்டலாம்.

மண்டபத்தில் காட்டுவதாயின் நேரத்தைக் கவனமாக முடிவு செய்ய வேண்டும். சனிக்கிழமை இரவு என்றால் இரவுநேர வேலைக்காரர்கள் வர மாட்டார்கள். காலை என்றால் செம்பனைக் காட்டில் கூடுதல் வேலைக்குப் போனவர்கள் வர மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒன்று, எட்டு மணிக்கு ஒன்று என இரண்டு காட்சி வைத்தால் பெரும்பாலோர் ஏதேனும் ஒன்றுக்கு வந்துவிடலாம். நாற்காலிகளை வயதானவர்களுக்கு மட்டும் போடுங்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்து பாய் கொண்டுவரட்டும்.